ஜன்னல்கள் எங்கிருந்து வந்தன என்று படம் சொல்லாது

கேள்வி: சமகாலக் கலைப் படைப்புகளின் படங்களைப் பகிர்வதற்கென்றே மூன்று வருடமாக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். நான் கலை படித்தவள் இல்லை, வெறும் ரசிகை. போன மாதம், பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் ஒரு நிறுவல் கலைப் படைப்பின் படம் கண்ணில் பட்டது. பழைய ஜன்னல் சட்டங்களைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மனதைப் பிடித்துக்கொண்டது. ‘பிரிந்து போனவர்களுக்காகத் திறந்தே கிடக்கும் ஜன்னல்கள்’ என்று ஒரு வரி எழுதி, ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுப் பகிர்ந்தேன். என் பக்கத்தில் எதுவும் அந்த அளவுக்கு ஓடியதில்லை. மூன்றாம் நாள் அந்தக் கலைஞரே வந்து கருத்து எழுதினார்: ‘இது பிரிவைப் பற்றியது இல்லை. இடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பின் ஜன்னல்கள் இவை. என் பெயரும் இல்லை, படமெடுத்தவர் பெயரும் இல்லை. பாதியை வெட்டியும் இருக்கிறீர்கள்.’ வெட்கத்தில் பதிவையே அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதையும் பகிரக் கை வரவில்லை. பெயர், ஆண்டு, அளவு என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. மனதில் பட்டதை எழுதினால் தப்பாகிவிடுகிறது. என்னதான் எழுதுவது? பெயர் போட்டால் போதுமா, அனுமதியும் வாங்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரி மோசமான வரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அந்த வரியின் மீதுதான் பழியைப் போட்டிருக்கிறீர்கள். பிசகு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. அது உங்கள் மனதில் தோன்றியது என்று படிக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை. கலைஞர் பெயர் இல்லாத ஒரு படத்துக்குக் கீழே தனியாக நிற்கும் வாக்கியத்தை எல்லோரும் படைப்பின் தலைப்பாகத்தான் படிப்பார்கள். இடிபட்ட வீடுகளிலிருந்து அந்தச் சட்டங்களைப் பெயர்த்துச் சுமந்து வந்து அடுக்கியவருக்கு, தன் படைப்பு காதல் தோல்வியாக ஊரெல்லாம் சுற்றுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

நான் இருபது வருடமாகக் கண்காட்சிச் சுவர்களில் ஒட்டும் குறிப்பட்டைகளை எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. என் அட்டைக்கு ஓரடி தள்ளிப் படைப்பே நின்றுகொண்டிருக்கும். நான் அளவைத் தப்பாக எழுதினாலும் வந்தவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். (எழுதியிருக்கிறேன். ஒருமுறை சென்டிமீட்டருக்குப் பதில் மீட்டர். திறப்பு விழாவில் எல்லோரும் சிரித்தார்கள்.) உங்கள் வாசகருக்கு அந்த வழி கிடையாது. அவர் கையில் இருப்பது உள்ளங்கை அகலத் திரை, அதற்குள் எல்லாம் ஒரே அளவு. ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் வரைந்தது, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 24.1 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், ஒரு பள்ளி நோட்டைத் திறந்து வைத்தால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். பிக்காஸோவின் ‘குவெர்னிகா’ 349.3 செ.மீ. உயரம், 776.6 செ.மீ. அகலம், முழுச் சுவர். திரையில் இரண்டும் ஒரே கட்டைவிரலுக்கு அடியில் நழுவிப் போகின்றன.

ஆகவே யாரும் படிப்பதில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த வறட்டு வரிக்கு ஒரு வேலை இருக்கிறது: திரை பிடுங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பது. படக்குறிப்பின் முதல் கடமை இது என்று நான் நினைக்கிறேன். விளக்கம், கவிதை, கருத்து எல்லாம் அதற்குப் பிறகு.

திரை பிடுங்குவதில் அளவு ஒன்று. படைப்பு எதனால் ஆனது என்ற பொருள் இன்னொன்று, உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம். எல் அனட்சூயி என்ற கலைஞரின் தொங்கல்களை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பொன்னும் சிவப்புமாக, மடிப்பு மடிப்பாக, அரச குடும்பத்துப் போர்வை மாதிரி சுவரை மூடியிருக்கும். கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். படத்தை மட்டும் பார்க்கிறவர் துணி என்றே நினைப்பார். துணி இல்லை. தட்டி நசுக்கிய மதுபாட்டில் மூடிகள், செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தவை. ‘அலுமினிய மூடிகள், செம்புக் கம்பி’ என்ற நாலு சொற்களைப் படித்ததும் கண் மறுபடி படத்துக்கு ஓடும், இந்தத் தடவை வேறொன்றைப் பார்க்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. அதை எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதைக் கண்காட்சி அமைப்பவர்களிடமே அவர் விட்டுவிடுவார். ஒரே படைப்பு இரண்டு இடங்களில் இரண்டு வடிவம் எடுக்கும். நீங்கள் பகிரும் படம் எந்தக் கண்காட்சியில், எந்த ஆண்டில் எடுத்தது என்று போடாவிட்டால் அதுவும் தொலைந்துபோகும்.

இப்போது உங்கள் ஜன்னல்களுக்கு வாருங்கள். அதன் பொருள் வரியில் ‘மரச்சட்டங்கள்’ என்றா இருந்திருக்கும்? ‘இடிக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து எடுத்த ஜன்னல் சட்டங்கள்’ என்றோ அதற்கு நெருக்கமாகவோ கலைஞரே எங்கேயாவது எழுதி வைத்திருப்பார். அவருடைய தளத்திலோ கேலரியின் பக்கத்திலோ தேடியிருந்தால் பத்து நிமிட வேலை. அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றியிருக்கும். சமகாலக் கலையில் பொருள் வரியைச் சில்லறை விவரமாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பல நேரம் கதை முழுவதும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது.

குறிப்பின் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் படைப்பே மாறிவிடும் என்பதற்கு ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞரின் மிட்டாய்க் குவியலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1991இல் செய்தது. பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய மிட்டாய்களைச் சுவர் மூலையில் கொட்டியிருக்கும். வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். குறைவதை மீண்டும் நிரப்பலாம். குவியலுக்கு வைத்த லட்சிய எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. தலைப்பு: ‘தலைப்பில்லாதது’ (லாஸ் ஏஞ்சலஸில் ராஸின் உருவப்படம்). ராஸ் கலைஞரின் காதலர், அதே 1991இல் எய்ட்ஸ் நோயால் இறந்தவர். இது தெரிந்தவர் அந்தக் குவியலிலிருந்து ஒரு மிட்டாயை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். தெரியாதவருக்கு அது இலவச மிட்டாய். 2022இல் சிகாகோ கலைக் கழகம் என்ற அருங்காட்சியகத்தில் இதன் குறிப்பட்டையை மாற்றி எழுதியிருந்தார்கள். புதிய வாசகத்தில் எய்ட்ஸ் பற்றிய பேச்சே இல்லை. பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், அருங்காட்சியகம் மறுபடி திருத்தியது. பெரிய நிறுவனத்துக்கே இந்த அடி. நீங்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டிய அவசியமில்லை.

சரி, மனதில் பட்டதை எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம், ஆனால் உங்கள் பெயரில் எழுதுங்கள். ஒரு குறிப்பில் மூன்று குரல்கள் இருக்கலாம்: சரிபார்த்த தகவலின் குரல், கலைஞர் எங்கோ சொன்ன குரல், உங்கள் குரல். மூன்றும் ஒரே பதிவில் இருப்பதில் தவறே இல்லை. எது யாருடையது என்று தெரியாமல் குழம்பிப்போவதுதான் சிக்கல். ‘எனக்கு’ என்ற ஒரே சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ‘எனக்கு இது, பிரிந்து போனவர்களுக்காகத் திறந்தே கிடக்கும் ஜன்னல்களாகத் தெரிந்தது.’ இந்த வாக்கியத்தோடு எந்தக் கலைஞரும் சண்டைக்கு வர முடியாது. கலைஞர் சொன்னதை எழுதினால் எங்கே சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேட்டியா, கண்காட்சிக் கையேடா, அவர் பக்கமா என்று.

நேரில் பார்க்காமல், படத்தில் மட்டும் பார்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்ற பழமொழி கலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது. ஆட் ரைன்ஹார்ட் என்ற ஓவியர் 1960களில் வரைந்த கறுப்பு ஓவியங்கள் ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரங்கள். திரையில் பார்த்தால் வெறும் கறுப்புக் கட்டம். எதிரே நின்று கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கினால் ஒன்பது கட்டங்களாக, சிவப்பு கலந்த கறுப்பு, நீலம் கலந்த கறுப்பு, பச்சை கலந்த கறுப்பு என்று மெல்லப் பிரிந்து வரும். எந்தக் கேமராவும் அதை ஒழுங்காகக் காட்டியதில்லை. அதைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டு ‘வெறுமையின் தரிசனம்’ என்று எழுதுகிறவர் ஓவியத்தைப் பற்றி எழுதவில்லை, தன் போனைப் பற்றி எழுதுகிறார். ‘படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் மரியாதை குறையாது.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘இருத்தலின் வெறுமையைக் காட்சிப்படுத்துகிறது’, ‘அடையாளத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது’, ‘நம்மைச் சிந்திக்க வைக்கிறது’. இந்த மூன்றையும் எந்தப் படைப்புக்குக் கீழும் ஒட்டலாம், பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் சொல்வதில்லை. என் பழைய அட்டைகளில் இவை இருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

யாரும் படிப்பதில்லை என்ற குறைக்கு வருகிறேன். பெயர், ஆண்டு, அளவை முதல் வரியிலேயே கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், உண்மைதான். திரையில் இரண்டு வரிக்குப் பிறகு ‘மேலும்’ என்று மடங்கிவிடும். அதனால் தகவல்களில் எது வியப்பூட்டுமோ அதை முன்னால் கொண்டுவாருங்கள். 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். படத்தில் பார்த்தால் சாம்பல் நிறக் கூழாங்கல் தரை. இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘இதில் ஒரு விதைகூட விதை இல்லை. பத்துக் கோடிப் பீங்கான் துண்டுகள். ஒவ்வொன்றையும் கையால் செய்து, கையால் தீட்டினார்கள்.’ இதில் கவிதை எதுவும் இல்லை, வெறும் தகவல்தான். ஆனாலும் விரல் நின்றுவிடும். அதற்கடுத்த வரியில் ஜிங்டேஜென் என்ற சீனப் பீங்கான் நகரத்தின் 1,600க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் இதைச் செய்தார்கள் என்று எழுதலாம். முதல் சில நாட்கள் மக்கள் அதன் மேல் நடந்தார்கள், பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று பிறகு கயிறு கட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்க்கலாம். பெயர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, இடம், படமெடுத்தவர் என்ற முழு வரியையும் கடைசியில் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். தேடுகிறவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. இது ஓவிய உலகத்தின் வழக்கம், மாற்றினால் நிற்கும் ஓவியம் படுத்துவிடும்.

இனி ‘நன்றி: கூகுள்’. கூகுள் வரையவும் இல்லை, படமெடுக்கவும் இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரரை எழுதியவர் என்று சொல்வது போன்றது இது. ‘படம்: இணையம்’ என்பதும் அதே கதைதான். ஒரு படைப்பின் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், செய்தவரும் படமெடுத்தவரும். நிகழ்த்துகலையிலும் நிறுவலிலும் இந்த இரண்டாவது ஆள் சாதாரண ஆள் இல்லை. 1960இல் ஈவ் க்ளைன் என்ற கலைஞர் ஒரு மாடியிலிருந்து தெருவை நோக்கிப் பறக்கிற மாதிரி ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. உண்மையில் கீழே நண்பர்கள் ஒரு தார்ப்பாயை விரித்துப் பிடித்திருந்தார்கள். வெறும் தெருவை எடுத்த இன்னொரு படத்தை ஒட்டி அந்தத் தார்ப்பாயை மறைத்தவர்கள் ஹாரி ஷங்க், யானோஷ் கெண்டர் என்ற புகைப்படக்காரர்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பாய்ச்சலே இல்லை. உங்கள் ஜன்னல் படத்திலும் எந்த நேர வெளிச்சத்தில் எடுப்பது, எந்த மூலையில் நிற்பது என்று யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடும் தலைகீழ்த் தேடலில் போட்டு, முதலில் வெளியான இடத்தைக் கண்டுபிடியுங்கள். கலைஞர், ஆண்டு, காட்டிய இடம் மூன்றுமே எங்கும் அகப்படவில்லை என்றால், அந்தப் படைப்பே இல்லாமலும் இருக்கலாம். இயந்திரம் உருவாக்கிய ‘நிறுவல்’ படங்கள் இப்போது நிறையச் சுற்றுகின்றன. அப்படிப்பட்டதைப் பகிராதீர்கள்.

பெயர் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. சமகாலக் கலைஞர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருப்பவர்கள், அவர்கள் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. கலைஞர் இறந்த பிறகும் பல நாடுகளில் 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு அது நீடிக்கும். படத்தின் உரிமை தனியாகப் புகைப்படக்காரரிடம் இருக்கும். இது விளையாட்டில்லை என்பதற்கு ஒரு வழக்கு: லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 1981இல் பாடகர் பிரின்ஸை எடுத்த படத்தை, ஆண்டி வார்ஹோல் என்ற ஓவியர் 1984இல் ஒரு பத்திரிகைக்காக வரைந்து கொடுத்தார். ஒரே தடவை பயன்படுத்த 400 டாலர், கூடவே புகைப்படக்காரர் பெயர் என்று ஒப்பந்தம். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது அதே வரிசையின் இன்னொரு ஓவியம் வெளியானது. இந்த முறை கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் 7க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பானது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற கலைஞருடையது. (அந்தப் பாடகருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) 2014இல் இன்ஸ்டாகிராமில் பிறர் போட்ட படங்களுக்குக் கீழே தன் பங்குக்கு ஒரு வரிக் கருத்து எழுதி, அந்தத் திரையை அப்படியே பெரிதாகக் கேன்வாஸில் அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தார். ஒரு வரி சேர்த்தால் படம் தன்னுடையதாகிவிடும் என்ற துணிச்சல். புகைப்படக்காரர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் தீர்ப்பு அவர்கள் பக்கம் முடிந்தது. உங்கள் பதிவை அதோடு ஒப்பிடவில்லை. நீங்கள் விற்கவும் இல்லை. ஆனால் ‘நான்தான் ஒரு வரி எழுதினேனே’ என்பது எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டு மறுபடி பயந்து உட்கார வேண்டாம். கலைஞரோ அருங்காட்சியகமோ போட்ட பதிவைத் தளத்தின் பகிர்வு வசதி வழியாகவே பகிர்ந்தால் பெயரும் மூலமும் கூடவே வரும். படத்தைச் சேமித்து மறுபடி ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். பல நாடுகளின் சட்டம் விமர்சனத்துக்கு, மதிப்பீட்டுக்கு என்று ஓரளவு இடம் கொடுக்கிறது; எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்த இடம் படைப்பைப் பற்றி உண்மையாகவே எழுதுகிறவருக்கானது, படத்தை மட்டும் ஒட்டுகிறவருக்கு அது பெரிதாக உதவாது. பழைய படைப்புகள் என்றால் கவலை குறைவு: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் உரிமைக்காலம் முடிந்த படைப்புகளின் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மற்றதற்கெல்லாம் கேட்பதுதான் வழி. கேட்டால் தருகிற கலைஞர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம். கேட்காமல் எடுத்தால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

வெட்டியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுப் படத்தை முதலில் போடுங்கள், மேலும் கீழும் வெள்ளை விழுந்தாலும் பரவாயில்லை. நெருக்கமாகக் காட்ட ஆசைப்பட்டால் இரண்டாவதாகப் போட்டு ‘பகுதி’ என்று எழுதுங்கள். வண்ணத்தை ஃபில்டரில் தூக்காதீர்கள், படத்தின் மேல் எழுத்தை ஓட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். படத்தோடு மாற்று உரை எழுதும் பெட்டி ஒன்று இருக்கும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். சிகாகோவின் சமகாலக் கலை அருங்காட்சியகம் இதற்கென்று ஒரு மென்பொருளே உருவாக்கி, ஊழியர்களை உட்கார வைத்துப் படங்களை விவரிக்கச் செய்தது. அங்கே அர்த்தம் எழுத வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: ‘வெள்ளை அறையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட மர ஜன்னல் சட்டங்கள். பல வண்ணங்களில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. சிலவற்றில் உடைந்த கண்ணாடி.’ என் அட்டைகள் மோசமாக வரும் நாட்களில் நான் இந்தப் பயிற்சியைத்தான் செய்வேன். தெரிவதை மட்டும் எழுத உட்கார்ந்தால், அதுவரை பார்க்காதது கண்ணில் படும். பெயிண்ட் உரிந்திருப்பதை நீங்கள் முதல் நாளே எழுதியிருந்தால், இவை எந்த வீட்டு ஜன்னல்கள் என்ற கேள்வி அப்போதே வந்திருக்கும்.

அந்தப் பதிவை இப்படித் திருப்பி எழுதலாம்:

‘இந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. இடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பிலிருந்து இவற்றை எடுத்து வந்து அடுக்கியிருக்கிறார் கலைஞர். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், எனக்கு இவை பிரிந்து போனவர்களுக்காகத் திறந்தே கிடக்கும் ஜன்னல்களாகத் தெரிந்தன. நேரில் பார்த்ததில்லை. படத்தில் மட்டும்.’

இதற்குக் கீழே முழு விவர வரி, படமெடுத்தவர் பெயரோடு.

இதைப் பதிவிடுவதற்கு முன்னால் அந்தக் கலைஞருக்கு அனுப்புங்கள். நடந்ததற்கு ஒரே வரியில் வருத்தம் சொல்லிவிட்டு, இப்படி வெளியிடலாமா, புகைப்படக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் போடுங்கள். பதில் வராவிட்டால் போட வேண்டாம். அடுத்த படைப்புக்குப் போய்விடுங்கள்.